மின்னூற் பதிப்பாளரைத் தேர்ந்துகொள்ளுதல்



காதற் கதைக்கும் பேய்க் கதைக்கும் இலக்கிய சபையிலே எப்பொழுதும் பின்வரிசைதான் கிடைத்து வந்திருக்கின்றது. திறனாய்வாளர் அவற்றைப் புறக்கணிப்பர். பரிசளிக்கும் குழுவினர் திரும்பியும் பாரார். ஆனால், புத்தகக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கடை வாடகையைக் கட்டித் தருவது எந்த நூல் என்பதை அவர் நன்கு அறிவார். ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே மின்னூல் என்னும் புதுமை தோன்றிய காலத்தில், அதனை ஒரு தொழிலாக வளர்த்துவிட்டவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் இத்தகைய கதைகளை எழுதியோரும் வாசித்தோருமே.

இன்று அத்தகைய கதையொன்றை எழுதி முடித்த ஒருவர், அதனை வெளியிடுவதற்கு மின்னூற் பதிப்பாளரை எவ்வாறு தேடுவது என்பதே இப்பேச்சின் பொருள். தேடுவது கடினமன்று. இணையத்தில் ஒரு நாழிகை செலவிட்டால் பத்துப் பதிப்பகங்களின் பெயர் கிடைத்துவிடும். அவற்றுள் எதனிடம் நம் நூலை ஒப்படைக்கலாம் என்று தேர்ந்துகொள்வதே கடினம். அவ்வாறு தேரும்போது, நூல் உள்ளே செல்லும் வாசலை மட்டும் பார்ப்பது போதாது. ஒரு நாள் அது வெளியே வரவேண்டுமானால் எவ்வழியால் வரும் என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடந்த கால் நூற்றாண்டின் வரலாறு அதனையே கற்பிக்கின்றது.

2000ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ரீனா எங்லர் என்னும் பெண்மணி ஒரு மின்னூற் பதிப்பகத்தை ஆரம்பித்தார். காதற் கதைகளில் அக்காலப் பெரிய பதிப்பகங்கள் விதித்திருந்த கட்டுப்பாட்டுக்கு அவருடைய எழுத்து அடங்கவில்லை. அச்சிட மறுத்த கதைகளை அவர் கணினிக் கோப்புகளாக விற்கத் தொடங்கினார். தமது பதிப்பகத்துக்கு நமது அயல் நாடாகிய இந்தியாவின் எல்லோராக் குகைகளின் பெயரையே சூட்டி, 'எலோராஸ் கேவ்' என்று அழைத்தார். அச்சு நூலுக்குப் பதிப்பகங்கள் எழுத்தாளருக்கு நூற்றுக்கு ஆறு அல்லது எட்டு வீதம் கொடுத்துவந்த காலத்தில், இவர் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட பங்கைக் கொடுத்தார். இரத்தம் உறிஞ்சும் பேயையும் ஓநாயாய் உருமாறும் மனிதனையும் காதற் தலைவராக்கிய அமானுஷியக் காதற் கதைகள் இத்தகைய இடங்களிலே தாராளமாக வெளிவந்தன. 2005ஆம் ஆண்டில் 'சம்ஹைன்' என்னும் இன்னொரு பதிப்பகம் தோன்றியது. இறந்தோரின் ஆவிகள் உலாவருவதாகப் பழைய கெல்ற்றிய மக்கள் நம்பிய ஓர் இரவின் பெயர் அது.

2007ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமேசன் கம்பனி கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியை வெளியிட்டபின், இத்தொழில் பெருகியது. காதல் நாவலுக்கே பெயர்போன ஹார்லிக்குவின் நிறுவனமும் 2010ஆம் ஆண்டில் 'கரீனா பிரஸ்' என்ற மின்னூற் பிரிவை ஆரம்பித்தது. முற்பணம் கொடாமல், விற்பனையில் கூடிய பங்கு கொடுப்பதே அதன் முறையாயிருந்தது. எழுத்தாளர் பலர் இதனைப் பொற்காலம் எனக் கருதினர்.

பொற்காலம் நீடிக்கவில்லை. 2007ஆம் ஆண்டிலேயே, கிண்டில் வருமுன்னர், 'திறிஸ்கேலியன்' என்ற சிறு பதிப்பகம் வங்குரோத்து அடைந்தது. அப்பொழுது எழுத்தாளர்கள் ஓர் உண்மையைக் கண்டு திகைத்தனர். தாங்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள், மேசை நாற்காலிகளைப் போல, கடன்காரருக்காகக் கணக்கிடப்படும் சொத்துக்களாகிவிட்டன. பதிப்பகம் வங்குரோத்து அடைந்தால் உரிமை தானாகவே ஆசிரியரிடம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அமெரிக்க வங்குரோத்துச் சட்டத்தின் முன் அத்தகைய வாசகம் பெரும்பாலும் செல்லுபடியாவதில்லை.

2016ஆம் ஆண்டின் முடிவு இன்னும் கொடியது. 'ஓல் றோமான்ஸ் ஈபுக்ஸ்' என்ற நிறுவனம் காதல் மின்னூல்களை விற்கும் கடையாகவும், ஓரளவு பதிப்பகமாகவும் இயங்கிவந்தது. டிசம்பர் 28ஆந் திகதி, எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. 31ஆந் திகதி நள்ளிரவோடு கடை மூடப்படும் என்றும், ஆண்டின் கடைசி மூன்று மாத விற்பனைக்காகச் சேரவேண்டிய பணத்தில் ஒரு டொலருக்குப் பத்துச் சதம் வீதம் ஏற்றுக்கொண்டால் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அதில் கண்டிருந்தது. நத்தார்க் காலத்து விற்பனைப் பணத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மூன்று நாள் அவகாசமே கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியிலே எலோராஸ் கேவும் மூடப்பட்டது. அங்கே பணம் காலந்தாழ்த்திக் கொடுக்கப்படுகிறது என்ற முறைப்பாடுகள் முன்னரே எழுந்திருந்தன. அவற்றைப் பற்றி எழுதிய விமரிசகர் ஒருவர்மீது 2014ஆம் ஆண்டில் பதிப்பகம் மானநட்ட வழக்குத் தொடர்ந்து, மறு ஆண்டில் அது சமரசமாக முடிந்தது. சம்ஹைன் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. ஆயினும், அது முன்கூட்டியே அறிவித்து, உரிமைகளை ஆசிரியர்களிடம் திருப்பிக் கொடுத்தே விடைபெற்றது. மூடப்படும் பதிப்பகங்கள் யாவும் ஒரே வகையில் மூடப்படுவதில்லை என்பதை இங்கே கவனித்தல் நன்று.

ஏன் இவை வீழ்ந்தன? ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்த காரணங்கள் வேறாயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டு யூன் மாத இறுதி முதல், குறித்த விலை எல்லைக்குள் தம் நூலைத் தாமே கிண்டிலில் வெளியிடுவோருக்கு விலையில் நூற்றுக்கு 70 வீதத்தை அமேசன் கொடுக்கத் தொடங்கியது. பதிப்பாளர் இல்லாமலே எழுத்தாளர் கடைக்குள் நுழையலாம் என்றாயிற்று. 2014ஆம் ஆண்டில், மாதச் சந்தா கட்டி வேண்டிய அளவு நூல்களை வாசிக்கும் முறையையும் அக்கம்பனி ஆரம்பித்தது. மாதத்துக்கு இருபது காதற் கதை வாசிப்பவர் சந்தாவையே விரும்புவார் அன்றோ? சந்தாவுக்கு வெளியே நின்று விற்ற சிறு பதிப்பகங்களின் வருமானம் சுருங்கியது.

அப்படியானால், பதிப்பாளரே வேண்டாமா? இதற்கு விடையாக அமாண்டா ஹொக்கிங் என்ற இளம் பெண்ணின் கதையைக் கூறலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வலுவிழந்தோரைப் பராமரிக்கும் இல்லமொன்றில் வேலை பார்த்தவர் அவர். அவருடைய அமானுஷியக் காதற் கதைகளைப் பதிப்பகங்கள் திருப்பியனுப்பின. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அவற்றைத் தாமே மின்னூல்களாக வெளியிட்டார். ஓராண்டுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. இத்தகையவர் பதிப்பாளரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார் என்று நாம் எண்ணுவோம். ஆனால், 2011ஆம் ஆண்டில் அவர் சென்ற் மார்ட்டின்ஸ் பதிப்பகத்தோடு நான்கு நூல்களுக்கு, இருபது இலட்சம் டொலர் அளவான ஒப்பந்தம் செய்துகொண்டார். அட்டை செய்வித்தல், பிழை திருத்துவித்தல், கடிதங்களுக்கு மறுமொழி எழுதுதல் ஆகியவற்றிலே நாட்கள் கழிந்துபோக, எழுதுவதற்கே நேரம் இல்லாமற் போனதைக் காரணமாகக் காட்டினார். பதிப்பாளர் ஒருவர் செய்யவேண்டிய வேலை எது என்பது இதிலிருந்து தெளிவாகின்றது. அவ்வேலையைச் செய்யாது பங்கை மட்டும் எடுப்பவர் பதிப்பாளர் அல்லர்.

இனி, தேர்ந்துகொள்ளும் முறைக்கு வருவோம்.

முதலாவதாக, பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். பதிப்பாளரிடமிருந்து ஆசிரியருக்கு ஓடவேண்டியது பணம். நமது நாட்டிலே இவ்விடயத்தில் தனி எச்சரிக்கை தேவை. ஏனெனில், ஈழத்துத் தமிழெழுத்தாளர் பலர் தம் சொந்தச் செலவில் நூலை அச்சிட்டு, வெளியீட்டு விழா நடத்தி, உற்றார் நண்பர்க்குப் பிரதிகளை விற்றுப் பழகியவர்கள். அச்சகத்துக்குப் பணம் கட்டுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அச்சகம் உங்கள் உரிமையைக் கேட்பதில்லை. ஆனால், அந்தப் பழக்கத்தால், பதிப்பகம் என்ற பெயரில் ஒருவர் பணமும் கேட்டு உரிமையும் கேட்கும்போது அது நமக்கு விபரீதமாகத் தோன்றாது போகலாம். 2009ஆம் ஆண்டு நவம்பரில், ஹார்லிக்குவின் போன்ற பெரிய நிறுவனமே எழுத்தாளரிடம் கட்டணம் வாங்கி நூல் வெளியிடும் பிரிவொன்றைத் தன் பெயரில் அறிவித்தபோது, அமெரிக்கக் காதற் கதை எழுத்தாளர் சங்கமும் வேறு சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. சில நாட்களிலேயே அப்பிரிவின் பெயரிலிருந்து ஹார்லிக்குவின் என்ற சொல் நீக்கப்பட்டது.

இரண்டாவதாக, அப்பதிப்பகம் வெளியிட்ட நூல்களில் இரண்டையாவது விலைக்கு வாங்கி வாசியுங்கள். எழுத்துப் பிழை மலிந்திருக்கிறதா? அட்டைப் படம் கதைக்குப் பொருந்துகிறதா? கதையின் மரபை அவர்கள் அறிந்திருக்கிறார்களா? காதற் கதை என்று பெயர் சூட்டினால், காதலே நடுப்பொருளாயிருந்து, முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தரவேண்டும் என்று ஆங்கில வாசகர் எதிர்பார்க்கின்றனர். தலைவி மாண்டு ஆவியாய் அலைவதோடு முடியும் கதை எவ்வளவு சிறந்ததாயினும், அது பேய்க் கதை வெளியிடுவோரிடம் செல்லவேண்டியது. இந்த வேறுபாட்டை அறியாமல் அனுப்பப்படும் கையெழுத்துப் பிரதிகள் வாசிக்கப்படாமலே திரும்பிவிடும். ஒவ்வொரு பதிப்பகமும் தான் விரும்பும் கதை வகையையும், நீளத்தையும், அனுப்பும் முறையையும் தன் தளத்தில் எழுதி வைத்திருக்கும். அதனை ஓரெழுத்தும் பிசகாமற் பின்பற்றுங்கள்.

மூன்றாவதாக, கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு நாற்பது வீதம் என்ற சொல் இனிமையாக ஒலிக்கும். எதில் நாற்பது என்பதே கேள்வி. ஒரு மின்னூலின் விலை நான்கு டொலர் என்று வைத்துக்கொள்வோம். விலையில் நாற்பது என்றால் உங்களுக்கு ஒரு டொலரும் அறுபது சதமும் கிடைக்கும். கடைக்காரர் நூற்றுக்கு முப்பது எடுத்த பின்னர் பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையில் நாற்பது என்றால், ஒரு டொலரும் பன்னிரண்டு சதமும் கிடைக்கும். இலாபத்தில் நாற்பது என்று எழுதியிருந்தாலோ, அட்டைச் செலவு, திருத்தச் செலவு, விளம்பரச் செலவு யாவும் கழிந்தபின் எஞ்சுவது எவ்வளவு என்பதை அவர்கள் சொல்லத்தான் நீங்கள் கேட்கவேண்டும். 2013ஆம் ஆண்டில், றான்டம் ஹவுஸ் என்ற மாபெரும் பதிப்பகத்தின் மின்னூற் பிரிவுகள் முற்பணம் கொடாது, ஆரம்பச் செலவுகளையும் ஆசிரியரின் கணக்கிலே கழிக்கும் ஒப்பந்தத்தை நீட்டின. அவற்றுள் காதற் கதைக்கான 'லவ்ஸ்வெப்ட்' என்ற பிரிவும் ஒன்று. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கம் பகிரங்கமாகக் கண்டித்தபின், முற்பணம் தரும் இன்னொரு வகை ஒப்பந்தத்தையும் அந்நிறுவனம் சேர்த்துக்கொண்டது. பெரிய பெயர் நல்ல ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கும், எழுத்தாளர் ஒன்றுபட்டுக் கேட்டால் ஒப்பந்தம் மாறும் என்பதற்கும் இதுவே சான்று.

நான்காவதாக, நான் முதலிற் கூறிய வெளிவாசல். அச்சு நூற் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிரதிகள் யாவும் விற்று, பதிப்பகம் மீண்டும் அச்சிடாவிட்டால், நூல் 'அச்சில் இல்லை' என்று கருதப்பட்டு, உரிமை ஆசிரியரிடம் திரும்பும். மின்னூலோ ஒருபோதும் தீர்ந்துபோவதில்லை. பத்தாண்டுகளாக ஒரு பிரதியும் விற்காவிட்டாலும், கடையின் பட்டியலில் அதன் பெயர் கிடந்துகொண்டே இருக்கும். வாழவும் இல்லை, சாகவும் இல்லை. நீங்கள் எழுதிய ஆவிக் கதையே ஆவியாய் அலையும் நிலை அது. ஆகவே, பழைய ஒப்பந்த வாசகத்தை மின்னூலுக்கு அப்படியே ஒப்புக்கொள்ளலாகாது. இத்தனை மாதங்களுக்குள் இத்தனை பிரதிகளுக்குக் குறைவாக விற்றால், ஆசிரியர் எழுத்து மூலம் கேட்டவுடன் உரிமை திரும்பும் என்று எண்ணால் எழுதுவித்தல் வேண்டும்.

அதனினும் நன்று, ஒப்பந்தத்துக்கு ஒரு கால எல்லை வைப்பது. மூன்று, ஐந்து, ஏழு ஆண்டுகள் என எல்லை வைக்கும் பதிப்பகங்கள் உண்டு. 'பதிப்புரிமை நிலவும் காலம் முழுவதும்' என்ற சொற்றொடரைக் கண்டால் நின்று நிதானியுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் நிலவும். அமெரிக்காவிலும் பொதுவாக அவ்வாறே. முப்பது வயதில் ஒரு கையொப்பம் இடுகிறீர்கள். அது உங்கள் பேரப்பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். அன்றியும், மின்னூல் வெளியிடுபவருக்கு ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் முதலிய உரிமைகள் எதற்காக என்று கேளுங்கள். அவற்றைப் பயன்படுத்தும் ஆற்றல் அவருக்கு இருந்தால் கொடுக்கலாம். இல்லையேல், அவை உங்களிடமே இருக்கட்டும்.

ஐந்தாவதாக, விசாரியுங்கள். பெண் கொடுக்குமுன் நாலு வீட்டில் விசாரிக்கும் நாம், நூலைக் கொடுக்குமுன் விசாரிக்கத் தயங்குவது ஏன்? அப்பதிப்பகத்தில் இப்பொழுது எழுதுபவரைக் கேளுங்கள். அதைவிட்டு விலகியவரையும் கேளுங்கள். பணம் உரிய காலத்தில் வருகிறதா, கணக்குத் தெளிவாயிருக்கிறதா, விலகியபோது உரிமை எளிதில் திரும்பியதா என்ற மூன்று கேள்விகள் போதும். ஏ. சி. கிறிஸ்பின், விக்ரோரியா ஸ்ட்ரோஸ் என்னும் இரு பெண் எழுத்தாளர்கள் 1998ஆம் ஆண்டில் ஆரம்பித்த 'ரைட்டர் பிவெயர்' என்ற சேவை, வஞ்சகப் பதிப்பகங்களைப் பற்றிய எச்சரிக்கைகளை இலவசமாக வெளியிட்டு வருகின்றது. அமெரிக்கக் காதற் கதை எழுத்தாளர் சங்கம் 2024ஆம் ஆண்டில் தானே வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. காவலரும் தளரும் காலத்தில், தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் அறிவு எழுத்தாளருக்கு மேலும் வேண்டியதாகின்றது.

தமிழில் எழுதுவோருக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும். 2014ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி, தமிழிலும் கதைகளை வெளியிடுகின்றது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் கிண்டிலும் தமிழ் நூல்களுக்குக் கதவு திறந்தது. காதற் கதையும் பேய்க் கதையும் அங்கே குறைவின்றி வருகின்றன. திறந்த கதவுகளைக் கண்டு மகிழ்வோம். கதவினருகே ஒட்டியிருக்கும் நிபந்தனைகளையும் வாசித்தபின் உள்ளே செல்வோம்.

நேயர்களே, கதை எழுதுபவர் கனவு காண்பவர். ஒப்பந்தம் எழுதுபவர் அப்படியன்று. முதல் நூல் வெளிவரப்போகிறது என்ற மகிழ்ச்சியிலே, கடைசிப் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துக்களை வாசிக்க மனம் வராதிருப்பது இயல்பே. ஒரு வாரம் பொறுங்கள். சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நேர்மையான பதிப்பாளர் அந்த ஒரு வாரத்தைத் தருவார். தராமல் அவசரப்படுத்துபவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு, அடுத்த பெயருக்குச் செல்லுங்கள். பல ஆண்டு இரவுகளில் விழித்திருந்து எழுதிய நூலுக்காக இன்னும் ஏழு நாள் காத்திருப்பது நட்டமாகாது.